முகத்துவாரத்தைத் திறந்து விடுங்கள்



மட்டக்களப்பு நகரின் ஓரத்தில், வாவியின் கரையில் அமைந்திருக்கிறது அமிர்தகழி. ஊரின் பெயரிலேயே கழி இருக்கிறது. அதாவது, கடலோடு தொடர்புடைய நீர்நிலை. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தத்திற்கென இந்துச் சகோதரர்கள் பெருந்திரளாய்க் கூடுவதும் இங்கேதான். கரங்களில் கப்பலைத் தாங்கிய அன்னை மரியாவின் ஆலயத்தில் கத்தோலிக்க மக்கள் மெழுகுதிரி ஏற்றி மன்றாடுவதும் இங்கேதான். தோணியை நம்பி வாழ்ந்த மக்கள், கப்பலேந்தி மாதாவைத் தம் தாயாகக் கொண்டதில் வியப்பில்லை.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் தன்மை ஒன்றை இவ்வூரார் நன்கறிவர். வாவி கடலோடு கலக்கும் இடத்தை முகத்துவாரம் என்கிறோம். மழையற்ற மாதங்களில் கடல் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவிக்கும்போது அம்முகத்துவாரம் மெல்ல மெல்ல அடைபட்டுப் போகும். வாவி அமைதியாகவே தோன்றும். ஆனால் வடகீழ்ப் பருவ மழை தொடங்கி, ஆறுகளும் ஓடைகளும் வெள்ளத்தை வாவியில் கொண்டுவந்து கொட்டும்போது, வெளியேற வழியற்ற நீர் ஏறத் தொடங்கும். வயல்கள் மூழ்கும்; தாழ்ந்த நிலத்து வீடுகளின் வாசற்படியைத் தொடும். அவ்வேளையில் ஊரார் கூடிச் செய்கின்ற காரியம் ஒன்றே: முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள். மணல் திட்டின் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் போதும். பின்பு நீர் தன் வழியைத் தானே அகலப்படுத்திக் கொண்டு கடலைச் சேரும்.

மழையை எவராலும் நிறுத்த முடியாது. ஆனால் முகத்துவாரத்தைத் திறந்து விட முடியும். மன அழுத்தத்தால் வாடும் குடும்பங்களுக்கு இன்று நான் சொல்ல விரும்புவதும் இதுவே. இதைச் சொல்வதற்கு முன், நான் ஒரு குற்றத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் கேளாமற் போன ஒரு குரல்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்தவுடன், குடும்பத் தலைவர் ஒருவர் திருப்பண்ட அறையின் வாசலில் வந்து நின்றார். அடுத்த ஆலயத்தில் அடுத்த திருப்பலிக்கு எனக்கு நேரமாகிக் கொண்டிருந்தது. "பாதர், கொஞ்ச நாளா நித்திரை இல்ல. மனசு சரியில்ல" என்றார். நான் அவருடைய தோளில் கைவைத்து, "விசுவாசத்தோடு செபியுங்கள் ஐயா, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி, நெற்றியில் சிலுவை அடையாளமிட்டுப் புறப்பட்டேன். என் வார்த்தையில் பிழையில்லை என்றே அன்று எண்ணினேன்.

மூன்று வாரங்களின் பின் அவரை நான் வைத்தியசாலைக் கட்டிலில் கண்டேன். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றிருந்தார். இறைவனுடைய இரக்கத்தால், வீட்டிலிருந்தவர்கள் நேரத்தோடு கண்டுகொண்டதால், உயிர் தப்பியிருந்தார். நுண்கடன், அக்கடனைக் கட்ட இன்னொரு கடன், அதை மனைவிக்கு மறைக்க ஒரு பொய், அப்பொய்யை மறைக்க வேறொன்று என்று ஓராண்டாகத் தனியே சுமந்திருக்கிறார். நான் கட்டிலருகே அமர்ந்தபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பாதர், அண்டைக்குச் சொல்லத்தான் வந்தனான்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வார்த்தை என்னை இன்றும் விட்டகலவில்லை. அவர் முகத்துவாரத்தை வெட்டுவதற்கு மண்வெட்டியோடு வந்து நின்றார். நானோ, செபம் என்னும் புனிதமான சொல்லைக் கொண்டே அதை மூடிவிட்டேன். ஆகவே, இக்கட்டுரையை நான் போதிப்பவனாக மட்டும் எழுதவில்லை. பிந்திக் கற்றுக்கொண்டவனாகவும் எழுதுகிறேன்.

நம் மண் சுமக்கும் பாரம்

நம் மாவட்டத்தின் மனவேதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1978 நவம்பர் 23 அன்று வீசிய சூறாவளியை மூத்தோர் இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூருவர். அதன் பின் வந்த போர் ஆண்டுகளில் கொல்லப்பட்டோரும் காணாமற் போனோரும் எத்தனை பேர்! 1990 ஆகஸ்ட் 15, விண்ணேற்பு அன்னையின் பெருவிழா நாளில், இயேசு சபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹீபர்ட், தம்மோடு வந்த இளைஞருடன் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். அவரைப் போலவே, வீட்டை விட்டுப் புறப்பட்டுத் திரும்பி வராத பிள்ளைகளுக்காக இன்றும் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பப் பெருவிழா நாள். குடும்பங்களின் நாளான அன்றுதான் ஆழிப்பேரலை நாவலடியிலும் கல்லடியிலும் குடும்பங்களைப் பிரித்துப் போட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. நம் நகரின் சீயோன் தேவாலயத்தில் சிறுவர் பலர் உள்ளிட்ட நம் சகோதர கிறிஸ்தவர்கள் குண்டுவெடிப்பில் உயிரிழந்தனர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. எரிபொருள் வரிசையில் நின்றவர்களும், ஒரு நேர உணவைக் குறைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களும் நம்மவர்களே. கடன் சுமையோ அதற்கும் முன்னரே தொடங்கிவிட்டது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசே முன்வர வேண்டியதாயிற்று என்றால், அச்சுமை எத்துணை ஆழமாக வீடுகளுக்குள் புகுந்திருந்தது என்பதை உணரலாம்.

போரின் உளத்தாக்கத்தை ஆராய்ந்த யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தம் நூலொன்றுக்கு 'மனவடு' என்றே பெயரிட்டார். உடலில் பட்ட காயம் ஆறினாலும் வடு இருக்கும். மனத்திற்கும் அப்படியே. தனியொருவர் மட்டுமன்றி, குடும்பமும் ஊரும் ஒருசேரக் காயப்படலாம் என்பதையும் அவருடைய எழுத்துக்கள் எடுத்துக்காட்டின. எனவே, "எனக்கு மட்டும் ஏன் இந்த மனம் இப்படி?" என்று எவரும் தம்மைத் தாமே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இது விசுவாசக் குறைவா?

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரும் பலர், "பாதர், எனக்குக் கவலை அதிகம். என் விசுவாசம் குறைந்துவிட்டது" என்று பாவமாக அறிக்கையிடுகிறார்கள். அன்பானவர்களே, நெருக்கடியில் நெஞ்சு படபடப்பது பாவமன்று. 1936 ஆம் ஆண்டில் ஹான்ஸ் செல்யே என்னும் மருத்துவ அறிஞர், பலவகைத் தாக்கங்களுக்கும் உடல் ஒரே விதமான பதிலைத் தருகிறது என்று கண்டு எழுதினார். ஆபத்து நெருங்கும்போது உடல் அட்ரினலின், கோர்ட்டிசோல் முதலிய சுரப்புகளைச் சுரந்து, ஓடவோ எதிர்த்து நிற்கவோ நம்மை ஆயத்தப்படுத்துகிறது. இது படைத்தவர் நம்மைக் காக்கவே தந்த ஏற்பாடு. ஆனால் ஆபத்து நீங்காமல் மாதக்கணக்கில் நீடித்தால், காக்க வந்த அதே ஏற்பாடு உறக்கத்தைக் கெடுக்கிறது, பசியை அழிக்கிறது, சினத்தைத் தூண்டுகிறது, நினைவை மங்கச் செய்கிறது. நீர் நல்லதே, வெளியேற வழியில்லாதபோது அதுவே வெள்ளமாகிறது.

விவிலியத்தைத் திறந்து பாருங்கள். திருப்பாடல்கள் 150 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பற் பாடல்கள். அவற்றுள் 88 ஆம் திருப்பாடல் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. ஆயினும் திருச்சபை அதை நீக்கிவிடவில்லை. இன்றும் அருட்பணியாளரும் துறவியரும் அதை இரவு வேளையில் செபிக்கிறார்கள். ஒளி தெரியாதபோது, 'ஒளி தெரியவில்லை ஆண்டவரே' என்று அவரிடமே சொல்வதும் செபமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏன், நம் ஆண்டவரே கெத்சமனித் தோட்டத்தில் திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார் (14:32-42). அங்கே அவர் மூன்று காரியங்களைச் செய்தார். தம் நண்பர் மூவரை அழைத்துச் சென்றார். தம் உள்ளம் சாகும் அளவுக்குத் துயருற்றிருப்பதை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். பின்பு தரையில் விழுந்து, ஒரே மன்றாட்டைத் திரும்பத் திரும்ப மன்றாடினார். நண்பர்கள் உறங்கிவிட்டபோதும், எழுந்து வந்து மீண்டும் அவர்களைத் தேடினார். இறைமகனே துணை தேடினார் என்றால், "நான் யாரிடமும் சொல்லமாட்டேன், தாங்கிக் கொள்வேன்" என்னும் நம்முடைய வைராக்கியம் எங்கிருந்து வந்தது? அது விசுவாசத்திலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் வெட்கத்திலிருந்து வந்தது.

வானதூதர் முதலில் கொணர்ந்தது அப்பம்

இறைவாக்கினர் எலியாவின் வரலாறு (1 அரசர் 19) நமக்குப் பெரும் பாடம். கார்மேல் மலையில் பெருவெற்றி கண்டவர், அரசி ஈசபேலின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிப் பாலைநிலத்திற்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவதற்கு மன்றாடுகிறார். இறைவனுடைய பெரிய ஊழியர் ஒருவர் 'இனிப் போதும்' என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

இறைவன் என்ன செய்தார்? கண்டித்தாரா? 'உன் விசுவாசம் எங்கே?' என்று கேட்டாரா? இல்லை. அவரை உறங்க விட்டார். வானதூதர் ஒருவர் வந்து தொட்டெழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டி உண்ணச் சொன்னார். எலியா உண்டு, குடித்து, மறுபடியும் உறங்கினார். இரண்டாம் முறையும் வானதூதர் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேபு மலைக்கான நீண்ட பயணம். அம்மலையில் இறைவன் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் அன்றி, மென்மையான ஒலியில் அவரைச் சந்தித்தார். சந்தித்தபோதும் முதலில், நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு, அவருடைய மனக்குறையை முழுவதும் சொல்ல விட்டார். ஒரு முறையன்று, இரு முறை. இறுதியில் அவருக்குப் பணியைத் தந்தார். எலிசா என்னும் துணையைத் தந்தார். 'நான் ஒருவனே எஞ்சினேன்' என்றவருக்கு, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று காட்டினார்.

உறக்கம், உணவு, செவிமடுத்தல், துணை, பணி: இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். அன்று திருப்பண்ட அறை வாசலில் நான் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினேன். மனம் நொந்தவருக்கு நான் முதலில் போதனையைக் கொடுத்தேன். இறைவனோ முதலில் அப்பத்தைக் கொடுக்கிறார்.

புயலை அடக்கிய நிகழ்விலும் (மாற்கு 4:35-41) இதே ஒழுங்கு. சீடர்கள் அழகிய செபம் எதையும் சொல்லவில்லை. நாங்கள் மடிகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று ஏறத்தாழக் குற்றஞ்சாட்டுகிறார்கள். இயேசு எழுந்து முதலில் காற்றையும் கடலையும் அடக்குகிறார். நம்பிக்கையைப் பற்றிய கேள்வியைப் பின்னரே கேட்கிறார் என்பது மாற்குவின் கூற்று. அவர்களுடைய தோணியில் நீர் ஏறிக்கொண்டிருந்த வேளையில் அவர் வகுப்பு எடுக்கவில்லை.

மன்ரேசாவில் ஒரு புனிதர்

நம் கிழக்கு மண்ணில் கல்விக்கும் நற்செய்திக்கும் உழைத்த இயேசு சபையின் நிறுவுநர் புனித இஞ்ஞாசியார். 1521 இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்தவர். மனமாற்றத்தின் பின் மன்ரேசா நகரில் தங்கியிருந்த காலத்தில், தம் பழைய பாவங்களைப் பற்றிய இடைவிடாத மனவுறுத்தலால் நிலைகுலைந்தார். மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி கிட்டவில்லை. தம் அறையிலிருந்த பெரும் குழியொன்றில் விழுந்து உயிரை விட்டுவிடும் சோதனை வந்ததையும் அவர் தம் வாழ்க்கைக் கூற்றில் மறைக்கவில்லை. அமைதி வேண்டி ஒரு வாரம் உண்ணாநோன்பு இருந்தார். அவருடைய ஆன்ம குருவோ, நோன்பை முறித்து உண்ணுமாறு கட்டளையிட்டார். அவரும் கீழ்ப்படிந்தார். இங்கும் முதலில் அப்பம்!

அவ்வனுபவத்திலிருந்து பிறந்த இரண்டு அறிவுரைகளை அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் காண்கிறோம். ஒன்று: மனம் இருண்டிருக்கும் வேளையில், தெளிவான நாளில் எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. மணவாழ்வை முறிப்பது, வீட்டை விற்பது, படிப்பைக் கைவிடுவது, உயிரையே வெறுப்பது ஆகிய எந்த முடிவையும் அந்த இருளில் எடுக்கலாகாது. மற்றொன்று: தீய ஆவி எப்போதும் இரகசியத்தை விரும்பும், அதன் சூழ்ச்சியை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வெளிப்படுத்தியவுடன் அதன் வலிமை குன்றிப்போகும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு புனிதர் தம் துன்பத்திலிருந்து கற்றது, நம்மூர் மீனவர் வாவியிலிருந்து கற்றதே அல்லவா? அடைத்து வைத்தால் மூழ்குவோம், திறந்தால் பிழைப்போம்.

இதை நம் மட்டக்களப்பிலேயே செய்து காட்டியவர்களும் உண்டு. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் முதலியோரோடு சேர்ந்து 1996 இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். போரினால் காயமுற்ற தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே ஒன்றாக வந்தார்கள். களிமண்ணைப் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். வாயால் சொல்ல இயலாத துயரத்தைக் கைகளால் சொல்ல விட்டார்கள். 1948 இல் அமெரிக்காவிலிருந்து வந்து, 2019 இல் நம் மண்ணிலேயே கண்மூடிய அருட்தந்தை பென் மில்லர், காணாமற் போனோரின் பெற்றோர் சொன்னவற்றைப் பொறுமையோடு கேட்டவர். அவரால் எல்லாரையும் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. ஆனால் கேட்க ஒருவர் இருந்தார் என்பதே அவர்களுக்கு எத்துணை பெரிய ஆறுதல்!

நாம் செய்யக்கூடியவை

அன்பான பெற்றோரே, இளைஞரே, நடைமுறையில் நாம் கைக்கொள்ளக்கூடிய சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, இரவில் குடும்ப செபமாலை முடிந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருக்கட்டும். இன்று உங்களுக்குப் பாரமாக இருந்தது என்ன, மகிழ்ச்சி தந்தது என்ன என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். தந்தையும் சொல்லட்டும். "அப்பாவுக்கும் இன்று கஷ்டமாக இருந்தது" என்று பிள்ளை கேட்டு வளர்ந்தால், நாளை தன் கஷ்டத்தையும் அது மறைக்காது. சொல்லப்பட்டதற்கு உடனே புத்திமதி கூறாதீர்கள். கேட்டு, அதற்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.

இரண்டாவது, கடனைக் கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ மறைக்க வேண்டாம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போது. பயம் மனத்தில் இருக்கும்போது அதற்கு எல்லையில்லை. தாளில் எழுதினால் அதற்கும் ஓர் எல்லை உண்டென்று தெரியும். பின்பு நம்பிக்கைக்குரிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவரோடு பேசுங்கள்.

மூன்றாவது, மருத்துவரை நாடுவது இறைவனை மறுதலிப்பதாகாது. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞானம் (38 ஆம் அதிகாரம்) கூறுகிறது. இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு நீடித்தால், எதிலும் நாட்டமின்றிப் போனால், உறக்கமும் உணவும் குலைந்தால், சாவைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் காத்திராதீர்கள். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்திற்கு எந்நேரமும் அழைத்துப் பேசலாம். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவரை 'விசுவாசம் இல்லாதவர்' என்று நாம் சொல்வதில்லையே! மனத்தின் நோய்க்கு மருந்து எடுப்பவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

நான்காவது, உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவரின் குடும்பம் உங்கள் அயலில் இருந்தால், அவர்களைத் தீர்ப்பிடாதீர்கள். உயிர் இறைவனின் கொடை. அதை அழிக்க நமக்கு உரிமையில்லை என்று போதிக்கும் அதே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடுமையான உளப் பாதிப்பும் வேதனையும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது (2282). அவர்களுடைய நிலைவாழ்வைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் அது எடுத்துரைக்கிறது (2283). அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போங்கள். சோறு கொண்டு போங்கள். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை, அருகில் அமர்ந்திருங்கள்.

ஐந்தாவது, இது அருட்பணியாளராகிய எங்களுக்கும் பங்குப் பொறுப்பாளர்களுக்கும் உரியது. திருப்பலி முடிந்து வாசலில் நிற்பவருடைய கண்ணைப் பாருங்கள். நேரமில்லையென்றால், "மாலை நான்கு மணிக்கு நானே வீட்டுக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்ய முயல்கிறேன். எப்போதும் முடிகிறது என்று சொல்லமாட்டேன்.

சிலுவையின் துணை

இவையெல்லாம் செய்தும் துன்பம் நீங்காதிருந்தால்? இக்கேள்விக்கு இலகுவான பதில் என்னிடம் இல்லை. காணாமற் போன மகனுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கும் தாயிடம், 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவ்வன்னையர் பலரும் செப்டெம்பர் மாதத்தில் ஆயித்தியமலைக்கு நடந்து செல்கிறார்கள். அங்கே சதா சகாய மாதாவின் திருவுருவத்தை உற்று நோக்குங்கள். அன்னையின் கரத்தில் இருக்கும் குழந்தை இயேசு நம்மைப் பார்க்கவில்லை. வானதூதர் ஏந்தி நிற்கும் சிலுவையையும் ஆணிகளையும் பார்த்து அஞ்சித் திரும்புகிறார். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலணி கழன்று தொங்குகிறது. இரு கைகளாலும் தாயின் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார். அன்னை அச்சிலுவையை மறைக்கவில்லை. அவரால் மறைக்கவும் முடியாது. ஆனால் கையை விடவில்லை.

நம் விசுவாசம் தருவது இதுவே. சிலுவை வராது என்ற வாக்குறுதியை அது தரவில்லை. சிலுவையின் அடியில் ஒரு கை நம்மைப் பற்றியிருக்கும் என்ற உறுதியைத் தருகிறது. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம்மைக் காட்டியபோது, காயங்களற்ற உடலோடு வரவில்லை. வடுக்களோடுதான் வந்தார். நம் மனவடுக்களும் ஒருநாள் வெட்கத்தின் அடையாளமாக அன்றி, மற்றவரைத் தேற்றும் வாசலாக மாறக்கூடும்.

வைத்தியசாலைக் கட்டிலில் நான் கண்ட அந்தக் குடும்பத் தலைவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் இன்னும் மருந்து எடுக்கிறார். கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனால் மனைவிக்கு எல்லாம் தெரியும். பங்கின் வின்சென்ட் டி போல் சபையினர் இருவர் அவரோடு சென்று பேசியதில், தவணைகள் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்தன. கடந்த மாரியில் ஒரு மாலை, மழை விட்ட நேரத்தில், வாவிக் கரையில் அவரைக் கண்டேன். "முகத்துவாரம் வெட்டியாச்சு பாதர். தண்ணி வடியத் தொடங்கிற்று" என்றார். அவர் வாவியைப் பற்றித்தான் சொன்னார். எனக்கோ அது வேறொரு நற்செய்தியாகவும் கேட்டது.

இந்த வாரத்தில் ஒரு நாள், உங்கள் நெஞ்சில் அடைபட்டுக் கிடப்பதை ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லது, சொல்ல வருகின்ற ஒருவருக்கு ஒரு மணிநேரம் கொடுங்கள்.

செபம்: புயலின் நடுவே எங்கள் தோணியில் இருக்கும் ஆண்டவரே, எங்கள் வீடுகளில் ஏறிவரும் வெள்ளத்தை நீர் அறிவீர். சொல்ல முடியாமல் தவிப்போருக்கு வாயைத் திறந்தருளும். கேட்க மறந்த எங்களுக்குச் செவியைத் திறந்தருளும். களைத்தவருக்கு உறக்கத்தையும், பசித்தவருக்கு அப்பத்தையும், தனித்தவருக்குத் துணையையும் எங்கள் கைகளாலேயே கொடுத்தருளும். கப்பலேந்திய அன்னையே, கரை சேரும்வரை எங்கள் கையை விடாதேயும். ஆமென்.